கொன்று அறிதல்

ஒரு சிலந்தியின் பெயரைச் சரியாகச் சொல்ல வேண்டுமென்றால், பெரும்பாலும் அதைக் கொன்றாக வேண்டும். சிலந்திகளைப் படிக்கிறவர்களுக்கு இது பழைய செய்தி. எனக்குத்தான் ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு தெரியவந்தது.

பறவைக்குப் பெயர் சொல்ல பைனாகுலர் போதும். வண்ணத்துப்பூச்சிக்குப் பல நேரம் நல்லதாக ஒரு புகைப்படம் போதும். சிலந்தி அப்படியில்லை. ஒரே இனத்துக்குள் நிறம் மாறும்; வேறு வேறு இனங்கள் அச்சில் வார்த்ததுபோல ஒரே மாதிரி இருக்கும். இனத்தைப் பிரித்துக் காட்டுவது இனப்பெருக்க உறுப்பின் வடிவம்தான். ஆணுக்கு, முகத்தின் முன்னால் குட்டிக் கைபோல நீண்டிருக்கும் இரண்டு உறுப்புகளின் நுனி. பெண்ணுக்கு, வயிற்றின் அடியில் ஒரு சின்னத் தகடு. ஒரு இனத்தின் பூட்டுக்கு அந்த இனத்தின் சாவி. அதை நுண்ணோக்கியில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். சில இனங்களில் தகட்டை அறுத்தெடுத்து உள்பக்கத்தையும் பார்க்க வேண்டும். உயிருள்ள சிலந்தி இதற்கெல்லாம் படுத்துக்கிடக்காது. வளர்ந்து முடியாத குஞ்சு என்றால் கொன்றாலும் பெயர் தெரியாது. அந்த உறுப்பே இன்னும் உருவாகியிருக்காது.

சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகரத்து இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் உலகச் சிலந்திகளின் பட்டியலைப் பராமரிக்கிறது. 2022 ஏப்ரலில் அதில் 50,000ஆவது இனம் ஏறியது. அந்தப் பெயர்களில் அநேகமாக ஒவ்வொன்றுக்கும் பின்னால், எங்கோ ஒரு அலமாரியில், சாராயத்தில் மிதக்கும் ஒரு உடலாவது உண்டு. ‘இந்தப் பெயர் குறிப்பது இதைத்தான்’ என்று சாட்சி சொல்ல வைத்திருக்கும் உடல் அது. மூலமாதிரி என்பார்கள்.

தெரிந்துகொள்வதற்காகக் கொல்லலாமா? வள்ளுவர் கொல்லாமைக்கு ஓர் அதிகாரம் வைத்தார், அறிவுடைமைக்கு ஓர் அதிகாரம் வைத்தார். இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் இடத்துக்கு அதிகாரம் வைக்கவில்லை. அந்த இடத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

*

மார்கழி மாதத்தில் ஒரு நாள் முழுக்க கடையநல்லூரைச் சுற்றிச் சிலந்தி சேகரிக்கப் போனேன். சேகரித்தது நானல்ல, நண்பரின் மகன். சிலந்திகளில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறான். நான் பை தூக்கினேன், குப்பிகளுக்கு மூடி போட்டேன், சீட்டு எழுதினேன்.

அந்த ஊர்ப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், மேற்கே மலை சுவர் மாதிரி நிற்கும். கருப்பாநதி இறங்கிவரும். அடிவாரத்தில் தென்னந்தோப்பு, மாந்தோப்பு. கீழே குளங்களும் அவற்றை நம்பிய வயல்களும். அங்கிருந்து புளியங்குடி வழியாகச் சங்கரன்கோவில் பக்கம் கிழக்கே திரும்பினால் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக வற்றி, வானம் பார்த்த பூமி ஆரம்பித்துவிடும். மோட்டார் சைக்கிளில் ஒரு மணி நேரத்துக்குள் நாலைந்து விதமான நிலம். சிலந்திக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்.

விடியலில் வயல். பிசானப் பயிர் முழங்கால் உயரம் நின்றது. பனி இறங்கியிருந்ததால் அன்றாடம் கண்ணுக்குத் தெரியாத வலைகள் எல்லாம் வெள்ளையாகத் துலங்கின. நெல் தாளோடு தாளாக உடம்பை நீட்டிக்கொண்டு டெட்ரக்னாதா. தூரடியில், தண்ணீர் மேலேயே ஓடும் பார்டோசா என்ற ஓநாய்ச் சிலந்தி. வரப்பின் பூண்டுகளில், கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கல் குறி போட்டு உட்கார்ந்திருக்கும் ஆர்ஜியோப். தம்பி பழைய வெள்ளை வேட்டி ஒன்றை வைத்திருந்தான். செடிக்கடியில் அதை விரித்து, கம்பால் இரண்டு தட்டு. விழுந்தவற்றில் தேவையானதை மட்டும் குப்பிக்குள் தள்ளுவான். குப்பியில் எழுபது சதவீத எத்தனால். சிலந்தி கால்களை விரிக்கும், மடக்கும், அவ்வளவுதான். சில நொடிகள். பெரியவைக்கு நிமிடம்கூட ஆகும். நான் ஒவ்வொரு முறையும் பார்த்தேன்.

ஒரு பார்டோசா முதுகு நிறையக் குஞ்சுகளைச் சுமந்துகொண்டு போனது. அவன் விட்டுவிட்டான். "பாவம் பார்த்தியா?" என்றேன். "இல்ல மாமா, இது ஏற்கனவே கெடச்ச இனம்தான். ரெண்டாவது தேவையில்ல" என்றான். விட்டதற்கான காரணம் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. யோசித்தால், இரக்கத்தைவிட நம்பகமான காரணம் அது. இரக்கம் குஞ்சு சுமந்ததை மட்டும் விடும். ‘தேவையில்லை’ என்பது குஞ்சு சுமக்காததையும் விடும்.

வயல்காரர் வந்தார். எழுபது வயதிருக்கும். "என்னத்தய்யா பிடிக்கிய?" என்றார். எட்டுக்கால் பூச்சி என்றோம். சிரித்தார். "முந்தாநாதான் மருந்து அடிச்சேன். இப்ப வந்து தேடுதிய. கெடந்தா எடுத்துக்கிடுங்க." தம்பி மெதுவாகச் சொன்னான், "தாத்தா, இது புகையானத் திங்கும். இதயும் சேத்துக் கொன்னா புகையான் கூடத்தான் செய்யும்." அவர் யோசித்தார். "சரிதான். அப்ப நீ எதுக்கு அதக் கொல்லுத?" "பேரு கண்டுபிடிக்கத் தாத்தா." "பேரு வச்சு?"

அதற்கு அவனிடமும் உடனே பதில் இல்லை, என்னிடமும் இல்லை.

மருந்து என்ற சொல்லைக் கவனியுங்கள். நம் ஊர்களில் பூச்சிக்கொல்லிக்குப் பெயர் மருந்து. ‘மருந்து அடிச்சாச்சு’ என்றால் ஒரு ஏக்கரில் ஊர்வது, பறப்பது, நூல் கட்டித் தொங்குவது எல்லாம் செத்தாச்சு என்று பொருள். அதை யாரும் கொலை என்று சொல்வதில்லை. தம்பியின் குப்பியில் கால் மடக்கும் ஒற்றைச் சிலந்தியைப் பார்த்தால்தான் நமக்கு அந்தச் சொல் நாக்கில் வருகிறது.

வெயில் ஏறியதும் மாந்தோப்பு. முசுறு எறும்புகள் இலைகளைச் சேர்த்துத் தைத்த கூடுகள். அந்த எறும்புக் கூட்டத்தின் ஓரத்தில் ஒரு எறும்பு மட்டும் கொஞ்சம் தயங்கித் தயங்கி நடந்தது. அது எறும்பே இல்லை. எறும்பு வேஷம் போட்ட குதிக்கும் சிலந்தி. முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்பு மாதிரித் தூக்கி ஆட்டிக்கொண்டு, ஆறு காலில் நடக்கிறது. அடுத்து மலையடிவாரம். வனத்துறை எல்லை தொடங்கும் இடத்தில் தம்பி நின்றுவிட்டான். உள்ளே எடுக்க அவனிடம் அனுமதி இல்லை. எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் வாழும் சிலந்திக்கும் அந்தப் பக்கம் வாழ்வதற்கும் வித்தியாசம் இல்லை, சட்டத்துக்கு உண்டு.

மதியத்துக்கு மேல் கிழக்கே, உடைமுள் நிற்கும் தரிசு. அங்கே முள்ளிலும் கள்ளியிலும் அழுக்குப் பஞ்சு அடைத்ததுபோலக் கூடுகள். ஸ்டெகோடைஃபஸ் சரசினோரம் என்ற கூட்டுச் சிலந்தி. சிலந்திகளில் பெரும்பாலானவை தனிக்கட்டைகள். இது நூற்றுக்கணக்கில் ஒரே கூட்டில் குடியிருக்கும், சேர்ந்து வேட்டையாடும். தாய் தன் வயிற்றில் கரைத்ததைக் குஞ்சுகளுக்கு ஊட்டும். கடைசியில் குஞ்சுகள் தாயையே தின்று தீர்க்கும். அந்தத் தரிசில் பாதி ஏற்கனவே பிளாட் போட்டாயிற்று. மஞ்சள் அடித்த கற்கள் வரிசையாக நின்றன. ஒரு கல்லுக்குப் பக்கத்து முள்செடியில், வேட்டியில் விழுந்த ஒரு சின்னப் பழுப்புச் சிலந்தியைத் தம்பி நீண்ட நேரம் கை லென்ஸில் பார்த்தான். "இது என்னன்னு தெரியல மாமா" என்றான். அதுவும் குப்பிக்குள் போனது.

அன்று பார்த்தவை நூற்றுக்கு மேல். எடுத்தவை 37.

*

கடையநல்லூரில் நெசவு ஒரு காலத்தில் பெரிய தொழில். தறி நசிந்தபோது நெசவாளர் குடும்பங்கள் பல மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போயின. சிங்கப்பூரில் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்றே ஒரு சங்கம் இருக்கிறது. பழைய வீடு ஒன்றின் சுவரில் சிலந்தி பார்க்க அனுமதி கேட்டோம். வீட்டுப் பெரியவர் சந்தோஷமாகக் கூட்டிப்போனார். தறி கிடந்த இடத்தில் இப்போது சைக்கிள் நின்றது. தம்பி குப்பியைத் திறந்ததும் அவர் முகம் மாறியது. "வீட்டுக்குள்ள வச்சுக் கொல்லாதிய தம்பி. எங்க உம்மா ஒட்டடை அடிப்பாங்க, ஆனா பூச்சியக் கொல்ல விட மாட்டாங்க. நபிய காப்பாத்துன பூச்சில்லா."

மக்காவை விட்டுப் போகும் வழியில் நபிகள் ஸவ்ர் குகையில் தங்கியபோது, வாசலில் சிலந்தி வலை பின்னி, தேடி வந்தவர்களைத் திருப்பி அனுப்பியது என்பது முஸ்லிம்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. குர்ஆனின் 29ஆவது அத்தியாயத்துக்குப் பெயரே சிலந்தி, அல் அன்கபூத். தம்பி குப்பியை மூடிவிட்டான். அந்த வீட்டில் எதையும் எடுக்கவில்லை.

சைவத்திலும் சிலந்திக்கு இடம் உண்டு. திருவானைக்காவில் லிங்கத்தின்மேல் சருகு விழாமல் வலை பந்தல் போட்ட சிலந்தி, அதைத் தினமும் கலைத்த யானையின் துதிக்கைக்குள் புகுந்து கடித்தது, இரண்டும் செத்தன, சிலந்தி கோச்செங்கட் சோழனாகப் பிறந்து, யானை ஏற முடியாத மாடக்கோயில்களைக் கட்டியது என்பது பெரியபுராணக் கதை. பக்கத்துச் சங்கரன்கோவிலில் பாம்பு, தேள் உருவம் பதித்த தகடுகளை வாங்கி உண்டியலில் போடுகிறார்கள்; புற்றுமண் எடுத்துப்போய் வீட்டில் வைக்கிறார்கள். விஷப் பூச்சி வீட்டுக்கு வராமல் இருக்க. இங்கே வேண்டுதல் ‘அது சாகட்டும்’ என்பதல்ல. ‘அது அதன் இடத்தில் இருக்கட்டும், நாங்கள் எங்கள் இடத்தில் இருக்கிறோம்’ என்பது. இன்னும் கொஞ்சம் கிழக்கே கழுகுமலை. எட்டாம் நூற்றாண்டை ஒட்டிச் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்கள் பாறையில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. சமணத் துறவிகள் உட்காருமுன் மயிற்பீலியால் தரையைத் துடைப்பார்கள், அங்கிருக்கும் சிற்றுயிர் நசுங்காமல் இருக்க.

ஆக, ஒரு நாள் பயணத்துக்குள் இத்தனை பேர் சிலந்தியோடு எப்படி இருக்க வேண்டும் என்று யோசித்து வைத்திருக்கிறார்கள். காப்பாற்றியதற்கு நன்றி, வழிபட்டதற்கு மரியாதை, விலகி இருக்க ஒப்பந்தம், நசுக்காமல் இருக்க விரதம். இவற்றில் எதற்கும் சிலந்தியின் இனம் தெரிய வேண்டியதில்லை. குகை வாசலில் பின்னியது என்ன சிலந்தி என்று யாரும் கேட்டதில்லை. தமிழில் மீனுக்கு எத்தனை பெயர்! சிலந்திக்கு? எட்டுக்கால் பூச்சி. மிஞ்சினால் சிலந்தி. அந்தச் சொல்லும் பாதி நேரம் ஒரு கட்டியின் பெயர்.

அன்பு காட்டப் பெயர் தேவையில்லை என்றால், பெயருக்காகக் கொல்வது எதற்கு? வயல்காரர் கேட்டதும் இதுதான்.

*

முதலில், எளிதாக வாயில் வரும் மூன்று சமாதானங்களைத் தள்ளி வைக்க வேண்டும்.

ஒன்று, ‘மருந்து லட்சம் கொல்கிறது, இது முப்பத்தேழு’ என்பது. உண்மைதான். ஆனால் அடுத்தவன் கணக்கில் பெரிய தொகை இருப்பதால் என் கணக்கு தீர்ந்துவிடாது. தவிர, அந்த வயல்காரருக்கு ஒரு காரணம் இருக்கிறது. அவர் சோறு.

இரண்டு, ‘சிலந்தியும் கொல்லத்தானே செய்கிறது’ என்பது. உலகத்துச் சிலந்திகள் வருஷத்துக்கு 40 முதல் 80 கோடி டன் இரையைத் தின்கின்றன என்று 2017இல் ஒரு மதிப்பீடு வந்தது. தின்னட்டும். சிலந்தி கொல்லலாமா என்று அதற்குக் கேள்வி எழுவதில்லை. எனக்கு எழுகிறது. கேள்வி எழுந்தவனுக்குத்தான் பதில் சொல்லும் பொறுப்பு.

மூன்று, ‘அதற்கு வலிக்காது’ என்பது. 1983இல் ஐஸ்னர், கமசீன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஆர்ஜியோப் சிலந்தியின் காலில் விஷப் பொருள்களைச் செலுத்திப் பார்த்தார்கள். மனிதத் தோலில் வலி எழுப்பும் செரோடோனின், ஹிஸ்டமின் போன்றவற்றைச் செலுத்தியபோது சிலந்தி அந்தக் காலையே கழற்றி எறிந்தது. 2022இல், குதிக்கும் சிலந்தியின் குஞ்சுகள் இரவில் தூங்கும்போது அவற்றின் கண்குழல்கள் அசைவதை ஜெர்மனியில் படம் எடுத்தார்கள். குஞ்சுப் பருவத்தில் உடல் கண்ணாடி மாதிரி இருப்பதால் அது வெளியே தெரிந்தது. நமக்குக் கனவு வரும் நேரத்துத் தூக்கம் மாதிரி ஒன்று. கனவுதானா என்று சொல்ல முடியாது. அதே ஆண்டு பிரிட்டனில் நண்டுக்கும் கணவாய்க்கும் உணர்வுண்டு என்று ஏற்றுச் சட்டம் வந்தது. சிலந்தி அதில் சேரவில்லை. வலி இருக்கிறது என்று நிரூபணம் ஆகவில்லை. இல்லை என்றும் ஆகவில்லை. அந்த இடைவெளியை நமக்குச் சௌகரியமான பக்கமாக நிரப்பிக்கொள்வது நேர்மை இல்லை. குப்பிக்குள் ஏதோ ஒன்று முடிந்துபோகிறது என்று எடுத்துக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

*

இனி, வலுவான சமாதானம். அறிவு உயிர்களைக் காப்பாற்றுகிறது.

1970களில் ஆசிய நெல்வயல்கள் புகையானால் தீய்ந்தன. மருந்து அடிக்க அடிக்கப் பூச்சி கூடியது. பிலிப்பைன்ஸ் வயல்களில் கென்மோர் என்பவரும் கூட்டாளிகளும் பொறுமையாக எண்ணிப் பார்த்துச் சொன்னார்கள்: மருந்து முதலில் கொல்வது புகையானைத் தின்னும் சிலந்திகளையும் மற்ற எதிரிகளையும், காவல் போனதும் புகையான் பெருகுகிறது. 1986இல் இந்தோனேசியா நெல்லுக்கு அடிக்கும் 57 பூச்சிமருந்துகளைத் தடைசெய்தது. அந்த முடிவுக்கு அடியில், வயலிலிருந்து எடுத்து, கொன்று, பெயர் பார்த்து, எண்ணிய சிலந்திகள் கிடக்கின்றன. ‘எட்டுக்கால் பூச்சி நல்லது’ என்ற பொது அன்பு இதைச் செய்திருக்காது. எது, எங்கே, எத்தனை, எதைத் தின்கிறது என்று தெரிய வேண்டியிருந்தது.

இதைவிட விசித்திரமான கதை ஒன்று. இங்கிலாந்தில் பறவை முட்டை சேகரிப்பது பழைய பொழுதுபோக்கு. பிள்ளைகளும் பெரிய மனிதர்களும் கூடுகளைச் சூறையாடினார்கள். 1967இல் டெரெக் ராட்கிளிஃப் அந்தச் சேகரிப்புகளில் இருந்த பைரி வல்லூறின் முட்டை ஓடுகளை எடை போட்டார். 1940களின் கடைசியிலிருந்து ஓடு மெலிந்திருந்தது. டிடிடி போன்ற மருந்துகளின் மேல் விழுந்த பெரிய சாட்சி அது. 1972இல் அமெரிக்கா டிடிடியைப் பயிருக்கு அடிப்பதை நிறுத்தியது. திருடிய முட்டைகள்தான் அந்தப் பறவையைக் காப்பாற்றின.

இதைக் கேட்டதும் ‘அப்போ சேகரிப்பு சரிதான்’ என்று முடித்துவிடத் தோன்றும். அவசரப்படக் கூடாது. அந்த முட்டையை எடுத்த பையனுக்கு டிடிடி தெரியாது. அவன் எடுத்த காலத்தில் அந்த மருந்தே இல்லாமல் இருந்திருக்கலாம். பின்னால் வந்த நன்மை அவன் செயலை நியாயமாக்கியது என்றால், நன்மை வராத மற்ற எல்லாச் சேகரிப்பும் அநியாயமாகிவிடும். கொல்லும் நேரத்தில் எது எதற்கு உதவும் என்று யாருக்கும் தெரியாது. ஆக, ‘பயன்’ என்பது கொல்லுமுன் கையில் இருக்கிற நியாயம் இல்லை.

அறிவு கெடுதலும் செய்திருக்கிறது. ஆந்திராவில் குத்தி என்ற ரயில் ஊரில், மரக்கட்டை கிடங்கில் கிடைத்த ஒரே ஒரு நீலச் சிலந்தியை வைத்து, 1899இல் லண்டனில் இருந்த போக்காக் அதற்குப் பொய்சிலோதீரியா மெட்டாலிகா என்று பெயர் வைத்தார். நூறு வருஷம் அதை யாரும் பார்க்கவில்லை. 2001இல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடையே காட்டில் மறுபடி கண்டார்கள். சீக்கிரமே உலகம் முழுக்க வளர்ப்புப் பிராணிச் சந்தையில் அதன் அழகு விலைக்கு வந்தது. 2008இல் அது அழிவின் விளிம்பில் என்று பட்டியலானது. நம் ராமேஸ்வரத்தில் புளியமரப் பொந்திலும் தோப்புகளிலும் வாழும் இன்னொரு பொய்சிலோதீரியாவுக்கு, அங்குள்ள அனுமார் கோயிலின் பெயரைச் சேர்த்து 2004இல் பெயர் வைத்தார்கள். அதுவும் அதே பட்டியலில். 2019இல் இந்தப் பேரினம் முழுவதையும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். பெயர் வந்ததால் வியாபாரிக்கு முகவரி கிடைத்தது. பெயர் வந்ததால்தான் சட்டத்துக்கும் முகவரி கிடைத்தது. பெயரில்லாத ஒன்றைப் பாதுகாக்க எந்த அரசாணையும் எழுத முடியாது.

2014இல் ‘சயின்ஸ்’ இதழில் இந்தச் சண்டை வெளிப்படையாகவே நடந்தது. எண்ணிக்கை குறைந்த உயிர்களைக் கொன்று சேகரிப்பதை நிறுத்தி, புகைப்படம், ஒலிப்பதிவு, சிறு திசு இவற்றோடு நிற்கலாம் என்று மிண்டீரும் கூட்டாளிகளும் எழுதினார்கள். 1844இல் ஐஸ்லாந்துக்குப் பக்கத்து எல்டே தீவில் கடைசிப் பெரிய ஆக் பறவைகளைச் சேகரிப்பாளர்களுக்காகக் கொன்றதை நினைவூட்டினார்கள். சேகரிப்பு இல்லாமல் உயிரியலே இல்லை என்று நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டுப் பதில் எழுதினார்கள். இரண்டு பக்கமும் பேசியது இனத்தைப் பற்றி: இனம் பிழைக்குமா, பிழைக்காதா. குப்பிக்குள் கால் மடக்கும் அந்த ஒன்றைப் பற்றி இரண்டு பக்கமும் அதிகம் பேசவில்லை.

*

எனக்குப் படுவது இது. ஒன்றைக் கொன்று அறிகிறவன் விலை கொடுத்து வாங்குகிறவன் இல்லை, கடன் வாங்குகிறவன். விலை என்றால் கொடுத்ததும் கணக்கு முடியும். இங்கே கொடுத்தது சிலந்தி, வாங்கியது நாம். அதற்கு நாம் எதையும் திருப்பிக் கொடுக்க முடியாது. அதன் இனத்துக்கு, அது வாழ்ந்த முள்ளுக்கு, அந்த வயலுக்கு வேண்டுமானால் கொடுக்கலாம். அதையும் உடனே கொடுக்க முடியாது. கொடுக்கும் சாத்தியத்தை மூடாமல் வைத்திருக்கத்தான் முடியும்.

அந்தச் சாத்தியம் எங்கே இருக்கிறது என்றால், ஒரு துண்டுச் சீட்டில். அன்று நான் எழுதிய சீட்டுகளைச் சொல்கிறேன். எந்த ஊர், என்ன நிலம், எந்தச் செடி, என்ன தேதி, எடுத்தவர் யார். பென்சிலில்தான் எழுத வேண்டும். பேனா மை சாராயத்தில் கரைந்துவிடும். சீட்டைக் குப்பிக்கு வெளியே ஒட்டக் கூடாது, உள்ளேயே, உடலோடு போட வேண்டும். வெளியே ஒட்டியது என்றைக்கோ உதிரும். ராட்கிளிஃபுக்கு உதவியது முட்டை மட்டும் இல்லை. எந்த வருஷம் எங்கே எடுத்தது என்று ஓட்டுக்குப் பக்கத்தில் எழுதி வைத்திருந்த குறிப்பு. அது இல்லாவிட்டால் அந்த ஓடு வெறும் ஓடு.

சீட்டு இல்லாத குப்பிகளை நான் பார்த்திருக்கிறேன். ஒரு கல்லூரி ஆய்வகத்தில், மேல் அலமாரியில், சாராயம் வற்றி, பூச்சிகள் கறுத்துச் சுருங்கி, வரிசை வரிசையாக. மாணவர்களுக்கு மதிப்பெண்ணுக்காகப் பிடித்தவை. எந்த ஊர், எந்த வருஷம், ஒன்றும் இல்லை. அந்தச் சாவுகள்தான் எனக்குக் கொலையாகத் தெரிந்தன. மருந்தில் செத்த பூச்சிக்காவது ஒரு மூட்டை நெல் காரணம். இவற்றுக்குக் காரணம் இருந்தது, அதைக் காப்பாற்றத்தான் ஆள் இல்லை. கடன் வாங்கிப் பத்திரத்தைத் தொலைத்த மாதிரி.

கடன் என்று வைத்தால் விதிகளும் தாமாக வருகின்றன. ஏற்கனவே கிடைத்ததை மறுபடி எடுக்காதே. பெயர் தெரியாது என்று தெரிந்தே குஞ்சைக் கொல்லாதே. எடுத்ததை உன் பெட்டியில் பூட்டாதே, யாரும் பார்க்கக்கூடிய இடத்தில் வை. வியாபாரி தேடுவான் என்றால் ஊரின் பெயரை மறை. வயல்காரனுக்கு உதவும் என்றால் உரக்கச் சொல். வீட்டுக்காரர் வேண்டாம் என்றால் குப்பியை மூடு. போக்காக் பெயர் வைத்த நம் சிலந்திகளின் மூல மாதிரிகள் பலவும் லண்டனில் இருக்கின்றன. தம்பி தான் பிடித்ததை அதோடு ஒப்பிட வேண்டுமென்றால் கடல் தாண்ட வேண்டும், அல்லது அங்கிருந்து யாராவது படம் அனுப்ப மனசு வைக்க வேண்டும். அதுவும் பாக்கிக் கடன்தான், நூற்றிருபது வருஷத்துக்கு மேலாக.

இந்த இடத்தில் சமணத் துறவியும் சிலந்திக்காரனும் எதிரெதிர் துருவம் என்று எனக்குத் தோன்றவில்லை. இருவரும் காலடியைப் பார்த்து நடப்பவர்கள். மற்ற எல்லோரும் நேரே பார்த்து நடந்து, மிதித்துக்கொண்டு போகிறோம். துறவி கடன் வாங்காமலே வாழ முயல்கிறவர். அது பெரிய வாழ்வு. ஆனால் மஞ்சள் கல் நட்ட தரிசில் துறவி பீலியால் ஒதுக்கிவிட்ட சிலந்தி, அடுத்த மாதம் ஜேசிபி வரும்போது அங்கேதான் இருக்கும். அங்கே இப்படி ஒன்று இருந்தது என்று சொல்ல யாராவது வேண்டும். சொல்வதால் அந்தச் சிலந்திக்கு ஒன்றும் ஆகாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நசுங்கினாலும் குப்பியில் மூழ்கினாலும் அதற்கு ஒன்றுதான்.

வயல்காரரின் ‘பேரு வச்சு?’ என்ற கேள்விக்கு இப்போது ஒரு பதில் சொல்ல முடியும். பேரு வச்சு, அதை உங்ககிட்ட வந்து சொல்லணும் தாத்தா. உங்க வயலில் எது இருக்கிறது, எது புகையானைத் தின்கிறது, எந்த வாரம் மருந்து அடித்தால் எது சாகும் என்று. அதைச் சொல்லாமல் பட்டம் மட்டும் வாங்கினால் கடன் அப்படியே நிற்கும். தம்பி ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, படங்களோடு கொண்டுபோய்க் கொடுத்தான். அவர் மருந்தை நிறுத்தினாரா என்று கேட்காதீர்கள். ஒரு தாள் அவ்வளவு வேலை செய்யாது. அடுத்த தடவை பக்கத்து வயல்காரரும் கேட்டார் என்றான்.

37 குப்பிகளில் 21க்கு இனப்பெயர் கிடைத்தது. 9க்குப் பேரினம் வரை. 7க்கு ஒன்றுமில்லை. அந்த ஏழில் ஒன்று, மஞ்சள் கல்லுக்குப் பக்கத்தில் எடுத்த பழுப்புச் சிலந்தி. பெண். ஆணும் கிடைத்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்று தம்பி சொன்னான். புதிய இனமாக இருக்கலாம். யாரோ எப்போதோ எழுதி வைத்த பழைய இனமாகவும் இருக்கலாம். அந்த முள் இப்போது இல்லை. மண்ணடித்துச் சமப்படுத்தி, சாலை போட்டுவிட்டார்கள். பக்கத்துத் தரிசுகளில் இன்னும் தேடுகிறான்.

அவன் ஆணைக் கண்டுபிடித்தால் அதையும் கொல்வான். கொல்லாதே என்று நான் சொல்ல மாட்டேன். சீட்டை உள்ளே போட்டாயா என்று மட்டும் கேட்பேன்.